சொல்லாத சொல்லும் இலக்கணமே
(ஆங்கிலம் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கு ஏற்காட்டில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்று நாம் பேசப்போவது சொற்களைப் பற்றியல்ல, சொல்லாமல் விட்ட சொற்களைப் பற்றி. ஆங்கில வாக்கியத்தில் எந்தச் சொல்லை எப்போது விடலாம், எப்போது விடக்கூடாது என்பதே நம் பொருள். கேட்பதற்குச் சிறிய செய்திதான். ஆனால் நம் மாணவர்கள் ஆங்கிலத்தில் செய்யும் பிழைகளில் பெரும்பகுதி இங்கேதான் பிறக்கிறது. அவர்கள் சரியாகச் சொன்னதையும் நாம் பிழை என்று அடிப்பதும் பல நேரம் இங்கேதான் நடக்கிறது.

நாம் கூடியிருக்கும் இந்த மலையின் பெயர்களிலிருந்தே தொடங்கலாம். 'சேர்வராயன் கோயில்' என்கிறோம். சேர்வராயனது கோயில் என்பது பொருள். 'அது' என்னும் உருபு மறைந்து நிற்கிறது. 'ஏற்காடு' என்ற பெயரை ஏரி, காடு என்று பிரித்துப் பொருள் சொல்வது வழக்கம். ஏரியும் காடும் என்றால் இரண்டு 'உம்' வேண்டும். ஒன்றுகூட இல்லை. இம்மலையில் வாழும் மலையாளிப் பழங்குடி மக்களின் பெயரை மலையை ஆள்பவர் என்று விளக்குவார்கள். அங்கே 'ஐ' மறைந்திருக்கிறது. 'காபித் தோட்டம்' என்பதில் உருபோடு ஒரு முழுச்சொல்லே இல்லை. காபியை உடைய தோட்டம் என்பதே அதன் விரிவு. ஆனாலும் யாராவது குழம்பினார்களா? காபியால் கட்டிய தோட்டம் என்று எந்தக் குழந்தையாவது நினைத்ததுண்டா?

ஆக, சொல்லை விட்டுப் பேசுவது நமக்குப் புதிதல்ல. அதற்கு இலக்கணம் வகுத்தவர்களும் நம்மவர்களே. தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் ஒன்பதாவது இயலுக்குப் பெயரே எச்சவியல். வேற்றுமை, உவமை, வினை, பண்பு, உம்மை, அன்மொழி என்று ஆறு தொகைகள் அதில் பேசப்படுகின்றன. சொல்லெச்சம், குறிப்பெச்சம், இசையெச்சம் உள்ளிட்ட பத்து எச்சங்களும் அங்கே உண்டு. நன்னூலிலும் இந்த ஆறு தொகைகள் வருகின்றன. தமிழ் ஆசிரியர் வகுப்பில் இவற்றை நடத்துகிறார். அடுத்த பாடவேளையில் ஆங்கில ஆசிரியர் நுழைகிறார். இரண்டுக்கும் தொடர்பு இருப்பதாக மாணவருக்கு யாரும் சொல்வதில்லை. அந்தத் தொடர்பைத்தான் இன்று உங்கள் கையில் தர விரும்புகிறேன்.

இரண்டு கேள்விகள்

ஒரு சொல்லை விடலாமா என்று முடிவு செய்ய இரண்டு கேள்விகள் போதும்.

முதல் கேள்வி: விட்ட சொல்லைக் கேட்பவர் ஐயமின்றித் தானே மீட்டுக்கொள்வாரா?

இரண்டாம் கேள்வி: அந்த இடத்தில் விட அந்த மொழி இடம் தருகிறதா?

முதல் கேள்வி எல்லா மொழிக்கும் பொது. இரண்டாம் கேள்விக்கு ஒவ்வொரு மொழியும் தனித்தனி விடை வைத்திருக்கிறது. நம் மாணவர் முதல் கேள்வியில் தவறுவது குறைவு. இரண்டாவதில் தமிழின் விடையை ஆங்கிலத்துக்கும் எழுதிவிடுகிறார். அவ்வளவுதான். இதை அறியாமை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். தாய்மொழி இலக்கணம் அவருக்குள் உறுதியாக இருக்கிறது என்பதற்கு அதுவே சான்று.

தமிழ் விடும், ஆங்கிலம் விடாது

முதலில் எழுவாய். 'வந்தேன்' என்று ஒரு சொல் சொன்னால் போதும். வந்தது 'நான்' என்பதை 'ஏன்' என்னும் விகுதி சொல்லிவிடுகிறது. வந்தாய், வந்தான், வந்தாள், வந்தோம் எல்லாவற்றிலும் ஆள் உள்ளேயே இருக்கிறார். இதைத்தான் தோன்றா எழுவாய் என்கிறோம். ஆங்கிலத்தில் 'கேம்' என்றால் வந்தது யார்? நானா, நீயா, அவளா, அவர்களா? வினையில் விகுதி இல்லை. அதனால் 'ஐ கேம்', 'ஷீ கேம்', 'தே கேம்' என்று எழுவாயை வெளியே நிறுத்த வேண்டியிருக்கிறது. காரணத்தை இப்படிச் சொல்லிக் கொடுத்தால் ஐந்தாம் வகுப்புக் குழந்தைக்கும் விளங்கும். 'எழுவாய் கட்டாயம் வேண்டும்' என்று விதியை மட்டும் சொன்னால் தேர்வு வரைதான் நினைவில் நிற்கும்.

இந்தக் கட்டாயம் எவ்வளவு இறுக்கமானது என்றால், பொருளே இல்லாத இடத்திலும் ஆங்கிலம் ஓர் எழுவாயை வைக்கிறது. ஏற்காட்டுக் குழந்தை நாள்தோறும் சொல்லும் வாக்கியம், 'குளிருது'. ஆங்கிலத்தில் 'இஸ் கோல்ட்' என்றால் பிழை. 'இட் இஸ் கோல்ட்' என்றே சொல்ல வேண்டும். அந்த 'இட்' எதைக் குறிக்கிறது? எதையும் குறிக்கவில்லை. இடத்தை நிரப்ப வந்த சொல் அது. 'இட் இஸ் ரெய்னிங்' என்பதிலும் அப்படியே.

அடுத்து, 'அவர் ஆசிரியர்' என்னும் பெயர்ப் பயனிலை. தமிழில் இது முழு வாக்கியம். 'ஆவார்' என்று சேர்த்தால் எழுத்துநடை, சேர்க்காவிட்டால் பேச்சு. ஆங்கிலத்தில் 'ஹீ டீச்சர்' என்பது வாக்கியமாகாது. 'ஹீ இஸ் எ டீச்சர்' என்று இரண்டு சொற்கள் கூடுதலாக வேண்டும். அந்த இரண்டுக்கும் தமிழில் கட்டாய இணை இல்லை. அதனால்தான் அவை முதலில் தவறிப்போகின்றன.

மூன்றாவது, செயப்படுபொருள். 'நோட்டு கொண்டு வந்தாயா?' என்று கேட்டால் 'கொண்டு வந்தேன்' என்போம். எதை என்று மறுபடி சொல்வதில்லை. அதே பழக்கத்தில் மாணவர் 'யெஸ், ஐ பிராட்' என்கிறார். ஆங்கிலத்தில் 'ஐ பிராட் இட்' என்று பொருளைச் சொல்ல வேண்டும். இல்லையென்றால் 'யெஸ், ஐ டிட்' என்று முடிக்க வேண்டும். எல்லா வினைக்கும் இப்படி இல்லை. 'ஐ ஹேவ் ஈட்டன்' என்பது முழுமையானதே. 'பிராட்', 'புட்', 'லைக்' போன்றவை பொருளை வெளியே கேட்கும் வினைகள். இவற்றைத் தனிப் பட்டியலாகச் சுவரில் ஒட்டிவையுங்கள்.

நான்காவது, விடை சொல்லும் முறை. இது மிகச் சுவையான வேறுபாடு. 'வந்தாயா?' என்றால் 'வந்தேன்' என்று முதன்மை வினையை வைத்துக்கொண்டு மற்றதை எல்லாம் விடுகிறோம். ஆங்கிலம் இதற்கு நேர் எதிர். 'டிட் யூ கம்?' என்றால் 'யெஸ், ஐ டிட்'. முதன்மை வினை போய்விடுகிறது. எழுவாயும் துணைவினையும் நிற்கின்றன. 'ஹேவ் யூ ஃபினிஷ்ட்?' 'யெஸ், ஐ ஹேவ்.' 'கேன் யூ ஸ்விம்?' 'நோ, ஐ கான்ட்.' தமிழ் எதை விடாதோ அதை ஆங்கிலம் விடுகிறது. நம் மாணவர் 'கேம்' என்று ஒற்றைச் சொல்லில் விடை சொல்வது ஏன் என்று இப்போது புரிகிறதல்லவா?

இங்கே இன்னொரு நுட்பம். 'ஐ ஆம்' என்பதைப் பேச்சில் 'ஐம்' என்று சுருக்குகிறோம். ஆனால் 'ஆர் யூ ரெடி?' என்ற கேள்விக்கு 'யெஸ், ஐம்' என்று முடிக்க முடியாது. 'யெஸ், ஐ ஆம்' என்றே சொல்ல வேண்டும். பின்னால் ஒரு சொல் விடுபட்டிருந்தால், அதன் பாரத்தைச் சுமக்கும் துணைவினையைச் சுருக்கக்கூடாது.

ஆங்கிலம் விடும் இடங்கள்

இனி ஆங்கிலம் தாராளமாக விடும் இடங்களைப் பார்ப்போம்.

ஏவல் வாக்கியத்தில் 'யூ' வேண்டாம். 'கம் ஹியர்', 'ஓபன் தி புக்'. தமிழிலும் 'இங்கே வா' என்பதால் இதில் சிக்கல் இல்லை.

'அண்ட்' சேரும்போது ஒரே எழுவாயை மறுபடி சொல்ல வேண்டாம். சேர்வராயன் கோயிலுக்குப் போய்வந்த குழந்தை ஒன்று இப்படி எழுதுகிறது என்று வைத்துக்கொள்வோம்: 'வீ வென்ட் டு தி டெம்பிள் அண்ட் வீ சா தி கேவ் அண்ட் வீ ப்ரேட் தேர்'. பிழை இல்லை, ஆனால் நடை தளர்கிறது. 'வீ வென்ட் டு தி டெம்பிள், சா தி கேவ் அண்ட் ப்ரேட் தேர்' என்றால் வாக்கியம் நிமிர்ந்து நிற்கும். தமிழில் 'சேர்வராயனும் காவேரியம்மனும்' என்று இருவருக்கும் 'உம்' தருகிறோம். ஆங்கிலம் கடைசிப் பெயருக்கு முன்னால் ஒரே ஓர் 'அண்ட்' மட்டும் வைக்கும். இதையும் சேர்த்தே சொல்லிக்கொடுக்கலாம்.

'சே', 'திங்க்', 'நோ', 'ஹோப்' போன்ற வினைகளுக்குப் பின் 'தட்' விடலாம். 'ஐ திங்க் ஹீ வில் கம்.' தமிழில் 'வருவான் என்று நினைக்கிறேன்' என்பதில் 'என்று' பேச்சில் 'வருவான்னு' எனத் தேய்ந்தாலும் முழுதாக மறைவதில்லை. அதனால் நம் மாணவர் 'தட்' விடாமல் எழுதுவார். எழுதட்டும், அது பிழையல்ல. விட்டு எழுதினாலும் அடிக்காதீர்கள். வாக்கியத்தின் தொடக்கத்திலேயே 'தட்' வந்தால் மட்டும் அதை விட முடியாது.

'ஹூ', 'விச்', 'தட்' என்னும் இணைப்புப் பெயர்களில்தான் கவனம் வேண்டும். 'தி புக் தட் ஐ பாட்' என்பதை 'தி புக் ஐ பாட்' என்று சொல்லலாம். ஆனால் 'தி மேன் ஹூ கேம் எஸ்டர்டே இஸ் மை அங்கிள்' என்பதில் 'ஹூ' இல்லாமல் முடியாது. 'தி மேன் கேம் எஸ்டர்டே' என்று கேட்டதும் 'அந்த மனிதர் நேற்று வந்தார்' என்று வாக்கியமே முடிந்துவிடுகிறது. தமிழில் 'நான் வாங்கிய புத்தகம்', 'நேற்று வந்த மனிதர்' என இரண்டும் பெயரெச்சம். இரண்டிலும் இணைப்புப் பெயரே கிடையாது. அதனால் மாணவருக்கு இரண்டும் ஒன்றாகத் தோன்றுகின்றன. வகுப்பறைக்கு எளிய விதி இது: இணைப்புப் பெயருக்கு அடுத்து ஓர் ஆள் வந்தால் விடலாம், வினை வந்தால் விடக்கூடாது. 'ஐ' வந்தால் விடு, 'கேம்' வந்தால் வை.

ஒப்பிடும்போதும் விடலாம். 'தேவி இஸ் டாலர் தேன் மணி.' கடைசி 'இஸ்' தேவையில்லை. ஆனால் 'மணி ஹெல்ப்ஸ் தேவி மோர் தேன் குமார்' என்றால்? மணி குமாருக்குச் செய்வதைவிடத் தேவிக்கு அதிகம் உதவுகிறானா, அல்லது குமார் உதவுவதைவிட மணி அதிகம் உதவுகிறானா? இங்கே முதல் கேள்வி தோற்றுவிட்டது. 'மோர் தேன் குமார் டஸ்' என்று ஒரு சொல்லைத் திருப்பி வைத்தால் தெளிந்துவிடும்.

'வைல்', 'வென்' போன்றவற்றுக்குப் பின் எழுவாயை விடலாம். ஆனால் இரண்டு பகுதிக்கும் எழுவாய் ஒன்றாக இருக்க வேண்டும். 'மலை ஏறும்போது மழை பிடித்துக்கொண்டது' என்பது நல்ல தமிழ். அதையே 'வைல் க்ளைம்பிங் தி ஹில், தி ரெய்ன் ஸ்டார்ட்டட்' என்று எழுதினால், மழைதான் மலை ஏறியது என்று பொருள்படும். 'வைல் வீ வேர் க்ளைம்பிங்' என்று எழுத வேண்டும். உயர்நிலை வகுப்புகளில் இந்த ஒரு செய்தியைச் சொன்னால் கட்டுரைகள் திருந்தும்.

சில தொடர்களில் 'தி' விடுவதே பொருளை மாற்றும். 'ஷீ கோஸ் டு ஸ்கூல்' என்றால் படிக்கப் போகிறாள். 'ஷீ வென்ட் டு தி ஸ்கூல்' என்றால் அந்தப் பள்ளி இருக்கும் இடத்துக்குப் போனாள். மகளின் ஆசிரியரைப் பார்க்க வந்த தாயாகக்கூட இருக்கலாம். 'பை பஸ்', 'அட் ஹோம்' போன்றவற்றை அப்படியே பழக்கிவிடுவதே நல்லது.

மலைப்பாதையே பாடநூல்

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு வரும் மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். மலைச்சாலைப் பலகைகளைக் கவனித்திருப்பீர்கள். 'சவுண்ட் ஹார்ன்', 'நோ பார்க்கிங்', 'ஸ்கூல் அஹெட்'. இவற்றில் 'தேர் இஸ்' இல்லை, 'எ' இல்லை, 'யூ' இல்லை. ஏன் இல்லை என்று மாணவரைக் கேளுங்கள். ஓட்டுநருக்குப் படிக்க ஒரு நொடிதான் இருக்கிறது என்ற விடை அவர்களிடமிருந்தே வரும். செய்தித்தாள் தலைப்பிலும் அப்படித்தான். அங்கே இடம் குறைவு. ஆனால் பலகையில் சரியாக இருப்பது கட்டுரையில் சரியாகாது. எந்த இடத்தில் எவ்வளவு விடலாம் என்பது இடத்தைப் பொறுத்தது என்பதை இதைவிட எளிதாக எந்தப் பாடநூலாலும் விளக்க முடியாது.

'முழு வாக்கியமாகச் சொல்'

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்த செய்தி.

சாலையோரக் கடையில் காபித்தூளும் மிளகும் விற்கும் குடும்பத்துப் பிள்ளையை நினைத்துப் பாருங்கள். சுற்றுலா வந்தவர் 'ஹவ் மச்?' என்கிறார். பிள்ளை 'டூ ஹண்ட்ரட்' என்கிறது. பொருள் கைமாறுகிறது. இருவரும் பேசியது பிழையில்லாத ஆங்கிலம். இருவருமே பெரும்பாலான சொற்களை விட்டார்கள், ஒருவரும் குழம்பவில்லை. மறுநாள் வகுப்பில் அதே பிள்ளையிடம் 'வேர் இஸ் யுவர் வில்லேஜ்?' என்று கேட்கிறோம். 'நியர் தி டெம்பிள்' என்கிறது. நாம் என்ன சொல்கிறோம்? 'முழு வாக்கியமாகச் சொல்லு கண்ணு.' பிள்ளை விழிக்கிறது. தான் சொன்னது தவறு என்று எடுத்துக்கொள்கிறது. அடுத்த கேள்விக்குக் கை தூக்குவதில்லை.

'நியர் தி டெம்பிள்' தவறே அல்ல. இடத்தைக் கேட்ட கேள்விக்கு இடத்தை மட்டும் சொல்வதே ஆங்கிலத்தின் இயல்பு. ஆங்கிலத்தில் பேச்சையும் எழுத்தையும் கோத்துக்கட்டும் வழிகளை ஆராய்ந்த ஹாலிடே, ஹசன் இருவரும் 1976-இல் வெளியிட்ட நூலில் ஐந்து வழிகளைச் சொன்னார்கள். சொல்லை விடுதல் அவற்றுள் ஒன்று. அதாவது, விடை கேள்வியோடு ஒட்டுவதே விட்ட சொல்லால்தான். ஒவ்வொரு விடையையும் முழு வாக்கியமாகச் சொன்னால் உரையாடல் அறுந்து துண்டுதுண்டாகிவிடும்.

இந்த மலையில் நூறாண்டுக்கும் மேலாக ஆங்கிலவழி உறைவிடப் பள்ளிகள் இருக்கின்றன. அதே மலையின் சிற்றூர்களிலிருந்தும் தோட்டக் குடியிருப்புகளிலிருந்தும் நம் பள்ளிக்கு வரும் பிள்ளைகளில் பலர், வீட்டில் முதலில் பள்ளி வந்தவர்கள். அவர்களுக்கு ஆங்கிலம் பேச வாய்ப்புத் தரும் இடம் பெரும்பாலும் நம் வகுப்பு மட்டுமே. அங்கே அவர்கள் இரண்டு சொல் சரியாகச் சொல்லும்போது வாயடைத்துவிட்டால், மூன்றாவது சொல் எங்கே பிறக்கும்?

முழு வாக்கியம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தேர்வில் முழு வாக்கியம் கேட்டால் எழுதித்தான் ஆக வேண்டும். முழு வாக்கியம் தெரியாதவருக்கு எதை விடுகிறோம் என்பதும் தெரியாது. ஆனால் அதைக் கேட்கும் விதத்தை மாற்றலாம். 'சரி, நன்று. இப்போது இதையே நோட்டில் எழுதுவதுபோல் சொல், பார்ப்போம்' என்று சொல்லுங்கள். முதல் விடை சரி என்று பிள்ளைக்குத் தெரிந்துவிடும். இரண்டாவது விடை கூடுதல் திறமையாகும். 'மை வில்லேஜ் இஸ் நியர் தி டெம்பிள்' என்பதும் வரும். கையும் உயர்ந்தே இருக்கும்.

வகுப்பில் செய்து பார்க்க

மூன்று செயல்பாடுகளைச் சொல்லி முடிக்கிறேன். எதற்கும் செலவில்லை.

ஒன்று, 'ஒளிந்த சொல்'. 'கம் ஹியர்', 'ஹவ் மச்?', 'தி புக் ஐ பாட்', 'யெஸ், ஐ டிட்' போன்றவற்றை அட்டைகளில் எழுதுங்கள். ஒளிந்திருக்கும் சொல்லைக் குழுவாகக் கண்டுபிடித்து வேறு நிறத்தில் எழுதட்டும். மூன்றாம் வகுப்பிலிருந்தே செய்யலாம்.

இரண்டு, 'சுருக்கு, ஆனால் கெடுக்காதே'. நீண்ட வாக்கியம் ஒன்றைக் கரும்பலகையில் எழுதுங்கள். ஒவ்வொருவராக வந்து ஒரு சொல்லை அழிக்கட்டும். பொருளோ இலக்கணமோ கெட்டதும் வகுப்பு 'நிறுத்து' என்று குரல் கொடுக்க வேண்டும். ஏன் நிறுத்தினோம் என்று ஒருவர் விளக்க வேண்டும். விதியை நாம் சொல்ல வேண்டியிராது, அவர்களே சொல்வார்கள்.

மூன்று, தமிழ் ஆசிரியரும் ஆங்கில ஆசிரியரும் சேர்ந்து நடத்தும் ஒரு பாடவேளை. ஒருவர் தொகைநிலைத் தொடரை விரிக்கட்டும். மற்றவர் அதே பொருளை ஆங்கிலத்தில் சொல்லட்டும். எது மறைந்தது, எது மறையவில்லை என்று மாணவர் அட்டவணை போடட்டும். தொடக்கப் பள்ளியில் இரண்டு பாடத்தையும் பெரும்பாலும் ஒரே ஆசிரியரே நடத்துகிறார். அவருக்கு இது இன்னும் எளிது.

விடைத்தாள் திருத்தும்போதும் ஒன்றை நினைவில் வையுங்கள். சொல் விடுபட்ட இடத்தில் சிவப்பு மை போடுவதற்கு முன் அந்த இரண்டு கேள்விகளையும் கேளுங்கள். பொருள் மீள்கிறதா? ஆங்கிலம் இடம் தருகிறதா? இரண்டுக்கும் 'ஆம்' என்றால் மதிப்பெண் கொடுங்கள். முதலாவதற்கு 'ஆம்', இரண்டாவதற்கு 'இல்லை' என்றால், அங்கே தமிழ் எட்டிப்பார்க்கிறது. பக்கத்தில் விட்ட சொல்லை எழுதிக் காட்டுங்கள். முதலாவதற்கே 'இல்லை' என்றால், 'நீ என்ன சொல்ல வந்தாய்?' என்று பிள்ளையிடமே கேளுங்கள். பிள்ளைக்கு அது தெரியும். அதைச் சொல்ல வைப்பதுதான் நம் வேலை.